பேசிட்டாப் போச்சு

என்னைத் தூங்க வைத்தவர் அவர்தான். டாக்டர் இல்லை, மாத்திரை இல்லை, வெந்நீரில் காலை வைத்துக்கொண்டு உட்காரச் சொன்ன சித்த வைத்தியரும் இல்லை. இரண்டு வருடமாக வராத தூக்கத்தை ஒரே மதியத்தில், கால் கிலோ பால்கோவாவோடு போய் வாங்கிக் கொடுத்துவிட்டார். இதற்கு நான் நன்றி சொல்ல வேண்டும் என்று யாருக்காவது தோன்றினால், முழுவதையும் கேட்டுவிட்டுச் சொல்லட்டும்.

அவருக்குப் பெயர் உண்டு. இங்கே எழுத மாட்டேன். எங்கள் கூட்டத்தில் எல்லோரும் எக்ஸ்சேஞ்ச் அக்கா என்றுதான் கூப்பிட்டோம். டெலிபோன் எக்ஸ்சேஞ்சில் வெளியூருக்கு டிரங்க் கால் போட்டுக் கொடுக்கிற ஆபரேட்டராகப் பல ஊர்களில் வேலை பார்த்தவர். நான் பழகிய காலத்தில் எல்லாம் ஆட்டோமேட்டிக் ஆகி, அவரைப் பில் கட்டுகிற ஜன்னலுக்குப் பின்னால் உட்கார வைத்திருந்தார்கள். காது மட்டும் பழைய வேலையை விடவில்லை. எதிரே ஒருவர் பேச ஆரம்பித்தால் தலையை இடப்பக்கம் சாய்த்து, இடது காதின் மேல் ஒரு விரலை வைத்துக்கொள்வார். பேசுகிறவர் தயங்கி நிறுத்தினால், "பேசுங்க, பேசுங்க" என்பார். கொண்டையில் பூ வைத்து நான் பார்த்ததில்லை. ஒரு பால்பாயிண்ட் பேனா செருகியிருக்கும்.

கூட்டம் என்றேனே, அது தூக்கம் வராதவர்களின் கூட்டம். எண்பதுகளின் கடைசி. இராஜபாளையத்தில் கன்னியாஸ்திரிகள் நடத்திய ஒரு சின்ன ஆஸ்பத்திரிக்கு வியாழக்கிழமைதோறும் மதுரையிலிருந்து ஒரு மனநல டாக்டர் வருவார். கவலையினால் தூக்கம் கெட்டவர்களை ஒன்றாக உட்கார வைத்துப் பேசச் சொல்வது அவருடைய வைத்தியம். மதியம் மூன்று மணிக்கு ஆரம்பித்து, நான்கு மணிக்கு மில் சங்கு ஊதினால் முடியும். மற்ற நாட்களில் குழந்தைகளுக்கு ஊசி போடுகிற அறை அது. மூலையில் எடை பார்க்கிற தராசு கிடக்கும். நடுவில் எட்டு இரும்பு நாற்காலிகளை வட்டமாகப் போட்டிருப்பார்கள். அப்படி உட்கார்ந்து எங்களில் யாருக்கும் பழக்கமில்லை. பஸ்ஸிலும் கோயிலிலும் சர்ச்சிலும் முன்னால் ஒருவருடைய முதுகு இருக்கும். அதைப் பார்த்துக்கொண்டு நம் பாட்டுக்கு இருந்துவிடலாம். இங்கே எல்லோர் கண்ணும் எல்லோர் மேலும் இருந்தது. எல்லாம் சிவந்த கண்கள்.

டாக்டர் கரும்பலகையில் கொட்டை எழுத்தில் எழுதி வைத்திருந்தார்: இங்கே பேசியது இங்கேயே. படுத்ததும் வருகிற முதல் பயம் என்ன என்று ஒவ்வொருவரும் சொல்ல வேண்டும். அதற்கு யாரும் தீர்வு சொல்லக் கூடாது. "பயத்தத் தீக்கப் போக வேணாம். சொல்லுங்க, அது பாட்டுக்கு இருக்கட்டும், நீங்க படுங்க" என்பார். சுவரில் ஒரு அட்டை. அதில் ஒவ்வொருவர் பெயருக்கு நேராகவும் முந்தின இரவு எத்தனை மணி நேரம் தூங்கினோம் என்று எழுதுவோம். ஐந்துக்கு மேலே யாராவது எழுதினால் எல்லோரும் கைதட்டுவோம். பிள்ளைகள் விளையாட்டு மாதிரி இருக்கும். ஆனால் அந்தக் கைதட்டலுக்கு நான் ஏங்கியிருக்கிறேன், பொய் சொல்வானேன்.

அக்காவுக்கு டாக்டர் சொன்னதில் பாதிதான் ஏறியது. பேச வேண்டும் என்பது ஏறியது. தீர்க்கக் கூடாது என்பது ஏறவே இல்லை. ஒரு பயம் என்றால் அதற்கு ஒரு ஆள் இருப்பார், அந்த ஆளுக்கு ஒரு வீடு இருக்கும், அந்த வீட்டுக்கு ஒரு பஸ் போகும். போய்ப் பேசிவிட்டால் முடிந்தது. "பேசிட்டாப் போச்சு" என்பதுதான் அவர் வாயில் எப்போதும் இருக்கும். அதை அவ்வளவு லேசாகச் சொல்வார்.

முதலில் சிக்கியவர் மில்காரர். ஒரு நூற்பு மில்லில் நூல் முறுக்குகிற ரிங் ஃபிரேம் மிஷின் பார்க்கிறவர், முப்பது வயதிருக்கும். ஏதோ கோபத்தில் மேஸ்திரியைப் பார்த்து ஒரு கெட்ட வார்த்தை முணுமுணுத்துவிட்டார். மேஸ்திரி அதை மனதில் வைத்திருந்து ஒருநாள் தன்னை வேலையை விட்டுத் தூக்கிவிடுவார் என்று பயம். ஐந்து மாதமாகக் கண்ணை மூடினால் மேஸ்திரி முகம். டாக்டர் அவரிடம், "அந்த முகம் வரும்போது ஒடம்புல எங்க இறுகுதுன்னு கவனிங்க" என்றார். அக்கா காதில் விரலை வைத்துக்கொண்டு கேட்டார்: "அந்த மேஸ்திரி வீடு எங்கிட்டு இருக்கு?"

அடுத்த வாரம் மில்காரர் பல்லெல்லாம் தெரிய வந்தார். அக்கா ஞாயிற்றுக்கிழமை மேஸ்திரி வீட்டுக்கே போய்விட்டிருக்கிறார். மேஸ்திரிக்கு அப்படி ஒன்று நடந்ததே ஞாபகம் இல்லை. "அவனா? நல்ல பயலாச்சே, என்ன சொன்னான்?" என்று கேட்டிருக்கிறார். என்ன சொன்னான் என்பதையும் அக்கா ஒரு எழுத்து விடாமல் சொல்லியிருக்கிறார். மேஸ்திரி விழுந்து விழுந்து சிரித்தாராம். அட்டையில் மில்காரர் ஆறு என்று எழுதினார். கைதட்டினோம். டாக்டரும் செத்த நேரம் யோசித்துவிட்டுத் தட்டினார்.

பிறகு கரும்பலகையைக் காட்டி, "இங்க பேசினது இங்கேயேன்னு எழுதியிருக்கேன்லம்மா" என்றார்.

"நான் வெளிய யார்ட்டயும் சொல்லலயே டாக்டர். சம்பந்தப்பட்டவிய கிட்டத்தான சொன்னேன்."

"சம்பந்தப்பட்டவங்கள்ட்டயும் சொல்லக் கூடாது."

"அப்பப் பேசி என்ன பிரயோசனம்? இருவத்தாறு வருசத்துல எத்தன வீட்டு விசயம் இந்தக் காதுல விழுந்திருக்கு தெரியுமா? ஒண்ணு தெருவுக்கு வந்ததில்ல. ஆனா ரெண்டு பக்கமும் லைன் போட்டுக் குடுக்காம விட்டதும் இல்ல."

இதைச் சொன்னபோது அவர் குரல் ஒரு மாதிரி ஆனது. அது ஏன் என்று எனக்குப் பின்னால்தான் தெரிந்தது.

எனக்கு அவரைப் பிடித்துப்போனதை மறைக்க மாட்டேன். கூட்டம் முடிந்து அவர் ஸ்ரீவில்லிபுத்தூர் பஸ்ஸுக்கு நிற்பார், நானும் கூட நிற்பேன். நான் காயத்துக்குப் போடுகிற கட்டுத்துணி செய்கிற கம்பெனி ஒன்றில் ரோல் சுற்றுகிற பெண்களை மேய்த்துக்கொண்டிருந்தேன். நாள் முழுக்கப் பேசினாலும் யாரோடும் ஒரு சொந்த வார்த்தை பேசாத வேலை. அக்கா என் புடவையில் ஒட்டிய பஞ்சைப் பொறுக்கிக்கொண்டே, "ஏட்டி, மதியம் என்ன கொழம்பு?" என்று ஆரம்பிப்பார். ஒருமுறை நானும் அவரோடு ஏறிப்போன பஸ்ஸில் எங்களுக்கு முன்னால் புருஷன் ஜன்னல் பக்கமும் பெண்டாட்டி வாசல் பக்கமும் முகத்தைத் திருப்பிக்கொண்டு வந்தார்கள். அக்காவுக்கு இருப்புக் கொள்ளவில்லை. குனிந்து அவர்கள் இருவருக்கும் நடுவில் தலையை நீட்டி, "அவுக ஒண்ணு சொல்லணும்னு பாக்காக, நீ என்னன்னு கேளு தாயி" என்றார். அந்த ஆள் அப்படி எதுவும் சொல்லப் பார்க்கவில்லை. ஆனாலும் ஊர் வருவதற்குள் இருவரும் ஒரு சீத்தாப்பழத்தைப் பங்கு போட்டுத் தின்றார்கள். நான் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தேன். அந்த வருடம் நான் சிரித்ததே அவரோடு இருந்த நேரங்களில்தான்.

பால்கோவா மாஸ்டர் விஷயத்திலாவது எனக்குப் புத்தி வந்திருக்க வேண்டும். அவரும் ஸ்ரீவில்லிபுத்தூர். நெற்றியில் நாமம், முழங்கை வரை சூடுபட்ட தழும்பு. கடையைப் பூட்டிவிட்டு வந்து படுத்தால், அடுப்பை அணைத்தோமா இல்லையா என்று சந்தேகம். எழுந்து போய்ப் பார்ப்பார், வருவார், படுப்பார், மறுபடி போவார். அக்கா வீடு அடுத்த தெரு. கடை சாத்தியதும் அவரே போய் ஜன்னல் வழியாக எட்டிப் பார்த்துவிட்டு, மாஸ்டர் வீட்டு வாசலில் நின்று, "அணஞ்சிருச்சு சாமி, படுங்க" என்று சொல்லிவிட்டுப் போவார். மாஸ்டர் இரண்டு வாரம் நன்றாகத் தூங்கினார். நன்றிக்கு வாரா வாரம் அக்காவுக்குக் கால் கிலோ பால்கோவா டப்பா வரும். அதைத்தான் அவர் சமாதானம் பேசப் போகிற வீடுகளுக்கு எடுத்துக்கொண்டு போவார்.

மூன்றாவது வாரம் மாஸ்டர், "நல்லாப் பாத்தேளா?" என்று கேட்க ஆரம்பித்தார். அக்கா திரும்பப் போய்ப் பார்த்தார். நான்காவது வாரம் மூன்று தடவை போனார். டாக்டருக்கு முதல்தடவையாகக் கோபம் வந்தது.

"நீங்க போய்ப் பாத்துச் சொல்லச் சொல்ல அவருக்குச் சந்தேகம் கூடத்தாம்மா செய்யும். சந்தேகம் இருந்தாலும் படுத்துக்கலாம்னு அவர் பழகணும்."

"சந்தேகத்தோட எப்படி டாக்டர் உறங்குறது? நீங்க உறங்குவீகளா?"

டாக்டரின் கண்ணுக்குக் கீழேயும் கறுத்துத்தான் இருந்தது.

அக்கா தன் பயத்தைச் சொல்ல மூன்று மாதம் எடுத்துக்கொண்டார். எல்லோரையும் "பேசுங்க, பேசுங்க" என்றவர், தன் முறை வந்தால், "எனக்கென்ன, வயசாச்சு, உறக்கம் கொறையும்" என்று தள்ளிவிடுவார். ஒருநாள் மில்காரர், "நீங்களும் பேசுங்கக்கா" என்று அவர் மாதிரியே காதில் விரலை வைத்துக்கொண்டு சொன்னார். எல்லோரும் சிரித்தோம். அக்காவும் சிரித்துவிட்டுச் சொன்னார்.

ஊர் பெயர் சொல்லவில்லை. சின்ன எக்ஸ்சேஞ்ச். ஒரு ஆள் காலையில் வந்து அர்ஜென்ட் கால் பதிந்திருக்கிறார். அக்காவுக்கு அன்று பல்வலி. இரண்டு தடவை முயற்சி செய்தார், கிடைக்கவில்லை. பிறகு முயற்சி செய்யாமலே, "லைன் கெடைக்கல, இருங்க" என்று சொல்லிக்கொண்டிருந்தார். அந்த ஆள் சாயங்காலம் வரை பெஞ்சில் உட்கார்ந்திருந்துவிட்டுப் போனார். நான்கு நாள் கழித்து மொட்டைத் தலையோடு வந்தார். அம்மா இறந்துவிட்டார். கடைசியாக மகன் குரலைக் கேட்கட்டும் என்று ஆஸ்பத்திரியில் போனுக்குப் பக்கத்திலேயே படுக்க வைத்திருந்தார்களாம்.

"ஏசுவாருன்னு நின்னேன். ஏசல. 'நீங்க என்னம்மா செய்வீக, லைன் இல்லைன்னா'ன்னு சொல்லிட்டுப் போயிட்டாரு. லைன் இருந்துச்சு டாக்டர்."

டாக்டர் மெதுவாக, "அந்த ஆள் இப்ப எங்க இருக்கார்?" என்று கேட்டார்.

"தெரியலயே. தெரிஞ்சிருந்தா எப்பமோ போய்ப் பேசிருப்பேன்ல?"

அக்கா வீட்டில் போன் கிடையாது. இலாகா கொடுத்ததையும் வேண்டாம் என்று சொல்லியிருந்தார். மணி அடித்தால் ஓடிப்போய் எடுக்க வேண்டுமே என்று பயம். இதைக் கேட்ட நாளில் அவர் மேல் எனக்கு அன்பு பெருகிவிட்டது. அந்த அன்பில்தான், அடுத்த வியாழக்கிழமை, நான் என் பயத்தைச் சொன்னேன்.

என் கணவருக்கு மனநிலை சரியில்லாமல் போனது எங்கள் மகள் கலாவுக்குப் பதினான்கு வயதாக இருந்தபோது. தண்ணீரில் விஷம் கலந்திருக்கிறது என்று பக்கத்து வீட்டுப் பானைகளை உடைத்தார். பார்க்காத வைத்தியம் இல்லை. கடைசியில் கலாவை என் அண்ணன் வீட்டுக்கு அனுப்பிவிட்டு, கடற்கரைப் பக்கம் ஒரு ஊரில், இப்படிப்பட்டவர்களைக் காலில் சங்கிலி போட்டு வைத்திருக்கிற ஒரு இடத்தில் கொண்டுபோய் விட்டேன். கலா திரும்பி வந்ததும், அப்பா பம்பாய்க்கு வேலைக்குப் போயிருக்கிறார் என்றேன். அண்ணனைத் தவிர ஊருக்கும் அதேதான். தீபாவளிக்குத் தீபாவளி மதுரையில் ஒரு சேலை எடுத்து, அப்பா அனுப்பினார் என்று கொடுப்பேன். நான்கு வருடம் கட்டினாள். முந்தானையை முகர்ந்து பார்த்து, "பம்பாய் வாசம் அடிக்கும்மா" என்பாள். சத்திரப்பட்டியில் தறி வைத்திருந்த ஒரு குடும்பத்தில் அவளுக்கு மாப்பிள்ளை அமைந்தது. அருமையான பையன். நிச்சயத்தில் அவர்கள் கேட்டபோது, லீவு கிடைக்கவில்லை, கல்யாணத்துக்கு வந்துவிடுவார் என்று சொல்லிவிட்டேன். கல்யாணத்துக்கு ஆறு வாரம் இருந்தது. எந்த மனிதனைக் கொண்டுவந்து மேடையில் நிறுத்துவது?

"பம்பாயிலேர்ந்து வர முடியலன்னு எனக்கு நானே ஒரு தந்தி அடிச்சுக்கலாம்னு பாக்கேன்" என்று சொல்லி அழுதேன். யாரும் தீர்வு சொல்லவில்லை, டாக்டர் சொல்லிக் கொடுத்தபடி. அக்கா மட்டும் காதிலிருந்து விரலை எடுக்காமல் கேட்டார்: "மாப்பிள்ளையோட அம்மா நல்ல மனுசியா?"

"நல்லவியதான்க்கா. ஆனா..."

"அப்பப் பேசிட்டாப் போச்சு."

பஸ் நிற்கிற இடத்தில் அவர் கையைப் பிடித்து, "அக்கா, இது மேஸ்திரி வெவகாரம் இல்ல. நீங்க எங்கயும் போயிராதீக" என்றேன். "சரி சரி" என்றார். என் புடவையில் பஞ்சைப் பொறுக்கினார். அந்தச் "சரி"யை நான் நம்பினேன். நம்பினேனா, அல்லது அவர் போகட்டும் என்று மனதின் ஒரு மூலையில் விட்டுவிட்டேனா? இந்தக் கேள்வியை யாரும் என்னிடம் கேட்டதில்லை. நானும் ரொம்ப நேரம் கேட்டுக்கொண்டதில்லை.

செவ்வாய்க்கிழமை அக்கா லீவு போட்டுவிட்டு, டப்பாவோடு சத்திரப்பட்டி போய்விட்டார். புதன்கிழமை மதியம் நான் சாப்பாட்டுக்கு வீட்டுக்கு வந்தபோது மாப்பிள்ளையின் அம்மாவும் தாய்மாமனும் உட்கார்ந்திருந்தார்கள். நாங்கள் நிச்சயத்துக்கு வைத்த தட்டு தரையில் இருந்தது. அதில் நாங்கள் மாப்பிள்ளைக்கு எடுத்த வேட்டி சட்டை, மடிப்புக் கலையாமல். அதன் மேல் பிரிக்காத பால்கோவா டப்பா. கலா கொடுத்த காபி இரண்டு டம்ளரிலும் அப்படியே இருந்தது.

அந்த அம்மா கத்தவில்லை. "பைத்தியம்னு சொல்லிருந்தாக்கூட நாங்க உக்காந்து யோசிச்சிருப்போம். எங்க வீட்டுலயும் மனுசங்கதான இருக்கோம். பம்பாய்ன்னீகளே. சங்கிலியில கெடக்குறவர கல்யாணத்துக்கு வருவாருன்னு சொன்னீகளே. இன்னும் என்னென்ன சொல்லிருக்கீகளோ?" என்றார்.

கலா சமையற்கட்டு நிலைப்படியில் நின்றாள். "இவிய யாரச் சொல்றாக? அம்மா, யாரு சங்கிலியில கெடக்காக?" என்று கேட்டாள். அவர்களுக்கு முன்னாலேயே நான் பதில் சொல்ல வேண்டியதாயிற்று.

அன்று இரவு நான் பாயில் தலையை வைத்ததுதான் தெரியும். விடிந்து பால்காரர் மணியடிக்கிற வரை அசையவில்லை. சொல்லவே வெட்கமாக இருக்கிறது, கனவுகூட வரவில்லை. எதற்குப் பயந்து இரண்டு வருடம் விழித்துக் கிடந்தேனோ அது நடந்து முடிந்துவிட்டது. காவல் காக்க இனி ஒன்றும் இல்லை. எழுந்து பார்த்தபோது கலா சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருந்தாள். முந்தின நாள் உட்கார்ந்த அதே இடம். மடியில் அந்த நான்கு தீபாவளிச் சேலைகள்.

வியாழக்கிழமை கூட்டத்துக்குப் போனேன். ஏன் போனேன் என்று தெரியவில்லை, கால் பழகியிருந்தது. அட்டையில் ஒவ்வொருவராக எழுதிக்கொண்டு வந்தார்கள். என் முறை வந்ததும் உண்மையை எழுதினேன். ஏழு. அதுவரை அந்த அறையில் யாரும் ஏழு எழுதியதில்லை. எல்லோரும் கைதட்டினார்கள். மில்காரர் எழுந்து நின்று தட்டினார். ஒரு சிஸ்டர் வெளியிலிருந்து எட்டிப் பார்த்துச் சிரித்துவிட்டுப் போனார். எல்லோரையும் விட பலமாகத் தட்டியவர் எக்ஸ்சேஞ்ச் அக்காதான். கண்ணெல்லாம் ஈரம். "பாத்தியாட்டி? நான் சொன்னேன்ல? பேசிட்டேன், போச்சு" என்றார்.

கைதட்டல் ஓய்கிற வரை காத்திருந்து, "கல்யாணம் நின்னு போச்சுக்கா" என்றேன்.

அக்காவின் கைகள் அப்படியே நின்றன. பிறகு விரல் மெல்ல இடது காதுக்குப் போனது. சரியாகக் கேட்கவில்லை என்பது போலத் தலையைச் சாய்த்தார். டாக்டர் நாற்காலியைப் பிடித்துக்கொண்டு, "நீங்க அங்க போனீங்களா?" என்று அவரைக் கேட்டார். அவர் டாக்டரைப் பார்க்கவே இல்லை. என்னையே பார்த்துக்கொண்டு சொன்னார்:

"நல்லாத்தானட்டி கேட்டுக்கிட்டாக. மோர்கூடக் குடுத்தாக. இரு, நான் மறுபடி போய்ப் பேசிட்டு வாரேன். இந்தத் தடவ மாப்பிள்ளப் பையன் கிட்டயே நேரா பேசுதேன்."

அதைச் சொன்னபோது அவர் முகத்தில் கெட்ட எண்ணம் ஒரு துளி இல்லை. அதுதான் என்னால் தாங்க முடியாமல் போனது. பால்கோவா மாஸ்டர் வேறு, "ஆமா, பேசினா சரியாயிடும்" என்று தலையாட்டினார். நான்கு மணிச் சங்குக்கு முன்பே எழுந்து வந்துவிட்டேன். அதற்குப் பிறகு அந்தப் பக்கம் போகவில்லை.

கலா ஒரு வாரம் கழித்து, "அப்பாவப் பாக்கணும்" என்றாள். கூட்டிக்கொண்டு போனேன். அவர் என்னை அடையாளம் கண்டுகொள்ளவில்லை. அவளைப் பார்த்து, "வளந்துட்ட" என்றார். அதன் பிறகு மாதம் ஒருமுறை அவளே போய்வந்தாள், என்னைக் கூப்பிட மாட்டாள். மூன்று வருடம் கழித்து அவர் காய்ச்சலில் போய்ச் சேர்ந்தார். இடையில் இரண்டு மூன்று இடம் வந்தது, கலா வேண்டாம் என்றாள். நான் வேலை பார்த்த கம்பெனியிலேயே பேக்கிங்கில் சேர்ந்தாள். நான் அவளுக்குப் பக்கத்தில் படுத்து நன்றாகத் தூங்கினேன்.

அவள் ஒருநாள் பேக்கிங் மேஜையில் மயங்கி விழுந்தாள். தூக்கம் இல்லாத மயக்கம் என்றார்கள். ஊருக்குள் விஷயம் மில்காரர் வரை போய், அவர் மூலம் அக்காவுக்கும் போயிருக்கிறது. அந்த ஞாயிற்றுக்கிழமை மதியம் அக்கா வந்து கதவைத் தட்டினார். ரிட்டையர் ஆகியிருந்தார். முடி முழுக்க வெளுத்திருந்தது. பேனா மட்டும் அப்படியே இருந்தது. கையில் டப்பா. ஐந்து வருடமாக நான் மனதிற்குள் அவரைப் பார்த்துச் சொல்லி வைத்திருந்த வார்த்தைகளில் ஒன்றுகூட வாயில் வரவில்லை. உள்ளே போய்க் காபி போட்டேன்.

சமையற்கட்டில் நின்றபடியே அவர்கள் பேச்சைக் கேட்டேன். அக்கா கலாவை, "படுத்தா என்ன பயம் வருது தாயி?" என்று விசாரித்துக்கொண்டிருந்தார். டாக்டர் கேட்கிற அதே கேள்வி. "ஒண்ணுமில்லக்கா" என்றாள் கலா. "பேசு, பேசு" என்றார்.

"பயம்னு இல்லக்கா. அம்மா 'பஸ் வந்துருச்சு'ன்னு சொன்னாக்கூட நான் எந்திச்சுப் போய்ப் பாத்துட்டு வாரேன். நாலு வருசம் சேலையக் குடுத்து, அப்பா அனுப்புனாகன்னு சொன்னாகள்ல? படுத்தா, சின்னதுலேர்ந்து அவிய சொன்னத ஒவ்வொண்ணா எடுத்துப் பாக்கேன். எது நெசம், எது இல்லன்னு. பாத்து முடிக்கதுக்குள்ள விடிஞ்சிருது."

நான் டம்ளர்களோடு நிலைப்படியில் நின்றேன். அக்கா காதிலிருந்து விரலை எடுக்காமல், "இதுக்கு யார்ட்டப் பேசணும்?" என்று தனக்குத்தானே கேட்டுக்கொண்டார். பிறகு நிமிர்ந்து என்னைப் பார்த்தார். இந்தத் தடவை பஸ் ஏற வேண்டியதில்லை. அவர் எழுந்து வந்தார். என் கையிலிருந்த டம்ளர்களை வாங்கிக் கீழே வைத்தார். என் மணிக்கட்டைப் பிடித்துக் கூட்டிக்கொண்டு போய்க் கலாவுக்கு எதிரே உட்கார வைத்தார்.

"பேசுங்க" என்றார். பையை எடுத்துக்கொண்டு வெளியே போய்க் கதவைச் சாத்தினார். தெருவில் நல்ல வெயில். அவர் செருப்புச் சத்தம் தேய்ந்து போகிற வரை கேட்டுக்கொண்டிருந்தோம்.

கலா என்னைப் பார்த்தாள். காத்திருந்தாள் என்றுதான் நினைக்கிறேன். நான் பால்கோவா டப்பாவின் மேல் கட்டியிருந்த நூலைப் பார்த்தேன். சொல்ல வேண்டியது எனக்குத் தெரியாமல் இல்லை. வாயைத் திறந்தபோது வெளியே வந்தது வேறு.

"காபி ஆறிப் போச்சு. சூடு பண்ணட்டுமா?" என்றேன்.

கலா கையை நீட்டி டம்ளரைத் தொட்டுப் பார்த்தாள். "ஆமா, ஆறித்தான் போச்சு" என்றாள்.

அன்றைக்கும் எனக்கு நல்ல தூக்கம்.